இளநீரில் இரண்டு பிடி உப்பு

1

இந்தக் கதை ஒரு வெள்ளைத்தாளில் பிறந்தது. தாளைக் கொடுத்தவன் அனில். எங்கள் யூனிட்டின் சூப்பர்வைசர், வயது இருபத்தேழு, பேச்சில் பாதி பெங்களூர்.

"அங்கிள், வேலம்மா ஆண்ட்டி சொல்றதை அப்படியே தமிழ்ல எழுதிக் குடுங்க. நான் இங்கிலீஷ்ல மாத்தி கம்பெனிக்கு மெயில் போட்டுடறேன். அரைப் பக்கம் சாக்கு," என்றான். சாக்கு என்றால் கன்னடத்தில் போதும்.

அரைப் பக்கம் எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அந்தத் தாள் தீர்ந்து, இன்னொன்றும் தீர்ந்து, லோடு சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பெயர் முனிரத்தினம். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பூதிகோட்டைப் பக்கம் போகிற வழியில் ஒரு ஷெட்டில் இளநீரை பாட்டிலில் அடைக்கிறார்கள். அங்கே நான் காய் துளைக்கிறவன். ஐம்பத்திரண்டு வயது, இரண்டு முட்டியும் போய்விட்டது. எழுத்து கற்று எட்டு வருஷம்தான் ஆகிறது. ஆகவே வாசகர்கள் என் பிழைகளை

(இந்த வரியை முடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கடை திறக்கிறவனிடம் யாரும் காய் வாங்க மாட்டார்கள்.)

நடந்தது இதுதான். போன திங்கட்கிழமை எங்கள் யூனிட்டிலிருந்து போன ஆயிரம் பாட்டில் இளநீரில் உப்பு இருந்தது. பாட்டிலின் மேல் 'எதுவும் சேர்க்கப்படவில்லை' என்று அச்சடித்திருக்கிறது. கம்பெனியின் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்துவிட்டது. உப்பு டாங்க்கில் தவறி விழுந்ததா, யாராவது போட்டார்களா? வருகிற திங்கட்கிழமை காலையில் வேலம்மாளின் கைநாட்டோடு பதில் போக வேண்டும். விழுந்தது என்றால் ஒரு எச்சரிக்கைக் கடிதம். போட்டது என்றால் அன்றைக்கே வெளியே.

வேலம்மாளுக்கு ஐம்பத்தொன்பது வயது. வீட்டில் மூச்சுக்கு ஏங்குகிற புருஷன். இந்த வேலை போனால் இனி அவளை யாரும் கூப்பிடப் போவதில்லை.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். அதுதான் என் கஷ்டம்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

வெயில் தகித்துக்கொண்டிருந்தது. வேலம்மாள் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி

இங்கேயே நிறுத்திவிட்டேன். எங்கள் ஷெட்டுக்குள் வியர்க்காது. இளநீர் கெடக்கூடாது என்று உள்ளே குளிராகவே வைத்திருப்பார்கள். ஏப்ரலிலும் வேலம்மாள் புருஷனுடைய பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் நிற்பாள். பிறகு ஏன் வெயிலை எழுதினேன்? நான் படித்த கதைகளில் பாதி வெயிலில் ஆரம்பிக்கிறது, மீதி மழையில். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, எங்கேயோ படித்ததுதான் கைக்கு முதலில் வருகிறது.

இரண்டாவது தொடக்கம்:

வேலம்மாள் ஒன்றும் அறியாத அப்பாவி.

இதையும் அடித்துவிட்டேன். அனிலுக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனதே அவள் வாய்க்குப் பயந்துதான். "இந்தாண்ட வந்து ஒரு காயை வெட்டிக் காட்டுங்க சார், அப்புறம் எங்களை வெரட்டுவீங்க," என்று முதல் நாளே கத்தியை நீட்டினாள். அவன் வெட்டினான். காய் கையிலிருந்து வழுக்கி உருண்டு போய் கக்கூஸ் கதவில் முட்டியது. அதற்கப்புறம் அவன் வாயைத் திறந்தாலே யாராவது ஒருத்தர் அந்தக் கதவைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

(ஒரு குறிப்பு. நேரில் எனக்கு அவர் வேலம்மாக்கா, 'நீங்க' என்றுதான் பேசுவேன். கதையில் 'அவர்' என்று போட்டால் தாசில்தார் மாதிரி ஆகிவிடுகிறார். அதனால் 'அவள்'. அக்கா இதைப் படிக்கப்போவதில்லை என்ற தைரியம்தான். இப்படி எழுதியதும் எனக்கே கொஞ்சம் கூசுகிறது.)

மூன்றாவது தொடக்கம்:

வேலம்மாள் உப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள்.

இது நிற்கட்டும்.

3

காய் எப்படி பாட்டிலுக்குள் போகிறது என்று சொல்லாமல் மேலே போக முடியாது. இங்கே வேலைக்கு வருகிற வரைக்கும் நானும் ஏதோ மெஷின் உறிஞ்சுகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

மத்தூரிலிருந்தும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தும் காய் வரும். கழுவி, தலையைச் சீவி வைப்பார்கள். நான் துளைப்பேன். தண்ணீர் ஒரு எவர்சில்வர் ஜக்கில் விழும். ஜக் வேலம்மாளிடம் போகும். மோந்து பார்த்து, ஸ்பூனில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைப்பாள். நல்லதென்றால் வலது பக்கம் டாங்க். புளிப்போ சோப்பு வாடையோ இருந்தால் இடது பக்கம் வாளி. ஒரு கெட்ட காய் உள்ளே போனால் இருநூறு லிட்டர் டாங்க்கும் போச்சு. ஒரு நாளைக்கு அறுநூறு காய்க்கு மேல் அவள் நாக்கைத் தாண்டித்தான் போகும். ஆறு வருஷத்தில் ஒரு டாங்க் கெட்டதில்லை.

அனில் வந்த புதிதில் ஒரு மீட்டர் வாங்கி வந்தான். மீட்டர் நல்லது என்று காட்டிய காயை அவள் வாளியில் ஊற்றப் போனாள். "ஆண்ட்டி, சும்னே வேஸ்ட் பண்றீங்க," என்று அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் குளிரில் வைத்தான். மூன்றாம் நாள் மூடி தானாகவே தெறித்தது. மீட்டர் இப்போது டிராயரில் இருக்கிறது.

அறுநூறு சொட்டு இனிப்பு பட்டால் எந்த நாக்கும் மரத்துப்போகும். அதற்குத்தான் உப்பு. நாற்பது காய்க்கு ஒரு தரம் ஒரு கல் உப்பை நாக்கில் வைத்து, துப்பி, வாய் கொப்பளிப்பாள். "நாக்கு முழிச்சிக்கும்," என்பாள். ஒரு வாரத்து உப்பைத் திங்கட்கிழமை முடிந்துகொண்டு வருவாள். அன்றைக்கு முடிச்சு சாத்துக்குடி அளவு இருக்கும். சனிக்கிழமை நெல்லிக்காய்.

லேபிள் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுத்து கற்ற நாளிலிருந்து கையில் கிடைப்பதையெல்லாம் படித்துவிடுவேன். ஓசூர், வேலூர் பக்கம் போகிற பாட்டிலில் தமிழும் இருக்கும். 'இயற்கையான நீர்ச்சத்து பானம். எதுவும் சேர்க்கப்படவில்லை.' பின்னால் சின்ன எழுத்தில் ஒரு பட்டியல். பொட்டாசியம் என்பதற்கு எதிரே பெரிய எண். சோடியம் என்பதற்கு எதிரே சின்ன எண். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அனிலைக் கேட்டேன்.

"சோடியம்னா இன்னாப்பா?"

"உப்பு, அங்கிள்."

"வேர்வையில போறது?"

"அதுவும் உப்புதான்."

"அப்ப வேர்க்கிறவனுக்கு வேண்டியது இதில கம்மியா இருக்குதே."

அனில் லேபிளை வாங்கிப் பார்த்தான். "இது வேர்க்கிறவங்களுக்கு இல்ல அங்கிள். ஜிம்முக்கு, மாலுக்கு."

"ஜிம்முல இன்னா பண்றாங்க?"

லேபிளைத் திருப்பிக் கொடுத்தான். "வேர்க்கிறாங்க," என்றான்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேலம்மாள் சிரித்ததில் புரை ஏறியது. அவள் அன்றைக்கு வெறுமனே சிரிக்கத்தான் சிரித்தாளா, கேட்டுக்கொண்டும் இருந்தாளா என்று இப்போது யோசிக்கிறேன்.

4

இனி அந்தத் திங்கட்கிழமை. இதை நான் பார்த்தேன். பார்க்காத வெயிலை மேலே எழுதியபோது பேனா நன்றாகத்தான் ஓடியது. பார்த்ததை எழுதும்போது நின்று நின்று போகிறது.

காலை பத்து மணி இருக்கும். டாங்க் நிறைந்துவிட்டது. அனில் ஒரு தாளை ஆட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னிக்கு லோடு மாலுக்கு இல்ல. பெங்களூர்ல பாலம் கட்டற சைட்டுக்கு. ஆயிரம் பேருக்கு மத்தியானம் ஃப்ரீயா குடுக்கறாங்க. கம்பெனி போட்டோ எடுக்கும்."

வேலம்மாள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "யாருக்கு?"

"லேபர்ஸ் ஆண்ட்டி. கம்பி கட்டறவங்க, கான்கிரீட் போடறவங்க."

"இந்த வெயில்லயா வேலை செய்றாங்க?"

"அதுக்குத்தான இளநீ குடுக்கறோம்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆறு வருஷத்தில் இதை யார் குடிப்பார்கள் என்று அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. காய் நல்லதா கெட்டதா, அவ்வளவுதான் அவள் கணக்கு. அன்றைக்கு டாங்க் பக்கம் போனாள். பிறகு மூடியைத் தூக்கினாள். முந்தானையை அவிழ்த்தாள். ஒரு பிடி போட்டாள். யோசித்தாள். இன்னொரு பிடி போட்டாள். துடுப்பால் அடி வரை கலக்கினாள். ஜக்கில் மொண்டு தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் ஒரு டம்ளரை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னா பாத்துகினு நிக்கற? குடி."

குடித்தேன்.

"எப்படி?"

"இப்பதாங்க்கா குடிச்ச மாதிரி இருக்குது," என்றேன்.

(இந்த வரியை மூன்று தரம் அடித்தேன். மூன்று தரமும் திரும்ப எழுதினேன்.)

வெள்ளிக்கிழமை அனில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். முகம் வெளுத்திருந்தது. "சைட்ல அதே மாதிரி இன்னொரு லோடு கேக்கறாங்க. லேப்ல சோடியம் ரெண்டு மடங்குன்னு சொல்றாங்க. ரெண்டும் ஒரே நாள்ல வந்தா நான் இன்னா பண்றது?"

"நான்தான் போட்டேன்," என்றாள் வேலம்மாள். ஸ்பூனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அனில் என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான். "ஆண்ட்டி, முடிச்சு அவுந்து விழுந்துச்சுன்னு சொல்லுங்க. ஆயித்து. அதோட முடிஞ்சிடும்."

"விழறதுக்கு அது இன்னா பல்லா? போட்டேன்."

"போட்டேன்னு சொன்னா அது கலப்படம் ஆண்ட்டி."

"ஏம்பா அனிலு, பால்ல தண்ணி ஊத்தறது கலப்படம். வேலை செய்றவனுக்கு உப்பு குடுக்கறதுமா கலப்படம்?"

மறுநாள் சனிக்கிழமை. அனில் அந்த வெள்ளைத்தாளை என் கையில் வைத்தான். "அங்கிள், நீங்க பார்த்து எழுதுங்க," என்றான். பார்த்து என்பதை அழுத்திச் சொன்னான்.

5

இங்கே எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. ஒருத்தி டாங்க்கில் இரண்டு பிடி உப்பைப் போடுகிறாள் என்றால் படிக்கிறவர் ஏன் என்று கேட்பார். 'மைன்ஸ் குடும்பத்துப் பழக்கம்' (மைன்ஸ் என்றால் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம்) என்று எழுதிப் பார்த்தேன். பழக்கம் என்றால் ஆறு வருஷமாக ஏன் போடவில்லை? அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலகாட்டு சுரங்கக் காலனியில் இருக்கிற அவள் வீட்டுக்கே போனேன். தன் கதாபாத்திரத்தின் வீட்டுக்குப் போய் காபி குடிக்கிற வசதி எல்லா எழுத்தாளருக்கும் கிடைக்காது.

அவள் புருஷன் சூசைராஜ் அண்ணன் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். அண்டர்கிரவுண்டில் இருபத்தாறு வருஷம். ஒரு பேச்சுக்கு இரண்டு தரம் மூச்சு வாங்குகிறது.

"அக்கா ஏன் உப்பு போட்டாங்கண்ணே?"

"என் காலைக் கேளு," என்றார்.

கீழே லெவலில், அதாவது சுரங்கத் தளத்தில், சூடு அடுப்பு மாதிரி இருக்குமாம். பூட்ஸில் வேர்வை நிரம்பி, கழற்றிக் கவிழ்த்துக் கொட்டுவாராம். இடுப்பில் ஒரு உப்பு முடிச்சு இல்லாமல் அவர் கேஜ், அதாவது ஆளை உள்ளே இறக்குகிற கூண்டு, ஏறியதில்லை. கட்டிக் கொடுப்பது இவள் வேலை. கல்யாணம் ஆன புதிதில் ஒரு நாள் இரண்டு பேருக்கும் சண்டை. இவள் உப்பு கட்டிக் கொடுக்கவில்லை. அவர் தண்ணீரை மட்டும் குடித்துக் குடித்து வேலை செய்திருக்கிறார். மத்தியானத்துக்குள் இரண்டு காலும் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டது. நாலு பேர் தூக்கி கேஜில் போட்டு மேலே அனுப்பினார்கள்.

"தண்ணி குடிச்சியான்னு டாக்டர் கேட்டாரு. வயிறு முட்டக் குடிச்சேன்னு சொன்னேன்." மூச்சு வாங்கினார். "வெறும் தண்ணியா குடிச்சதுதான்யா தப்புன்னாரு."

"இன்னாத்துக்கு சண்டைன்னு சொல்லு அவன்கிட்ட," என்று அடுப்புப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அது மறந்து போச்சு."

"மறக்கல. என்னைச் சினிமாவுக்கு இட்டுகினு போறேன்னு சொல்லிட்டு சேக்காளிங்களோட போயிட்டு வந்துச்சு. வந்து ஒரு மணி நேரம் கதை சொல்லுச்சு, ஷிப்டு மாத்திட்டாங்களாம், கேஜ் மாட்டிகிச்சாம், எவனுக்கோ அடிபட்டுச்சாம். அதையும் எழுதிக்க முனிரத்னம்."

எழுதிக்கொண்டேன்.

காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "மாலுக்குப் போறவன் வேணும்னா குடிக்கறான், வேணாம்னா கீழே வெக்கறான். அவனுக்கு இன்னா வேணா குடு. இவங்க அப்படி இல்ல. எதைக் குடுத்தாலும் வயிறு முட்டக் குடிச்சிட்டு வேலைக்கு ஏறுவாங்க. தெரிஞ்சே வெறும் தண்ணிய அனுப்பினா, அன்னிக்கிப் பண்ணதைத் திரும்பப் பண்ண மாதிரிதான?"

"அனில் சொல்ற மாதிரி விழுந்துச்சுன்னே எழுதிடட்டுமாக்கா? அண்ணனுக்கு மருந்து வாங்கணுமே."

"கை தவறிச்சுன்னு எழுதினா வேலை தெரியாதவ ஆயிடுவேன். ஆறு வருசம் ஒரு டாங்க்கு கெட்டுதா?"

"வேலை போயிட்டா?" என்று சூசைராஜ் அண்ணன் கேட்டார்.

"மொதல்ல அந்த மாத்திரைய முழுங்கு," என்றாள்.

வாசல் வரை வந்தாள். "நீ எழுது, நீயே படிச்சுக் காட்டு. உன் வாயில வர்றது எனக்குப் போதும்," என்றாள். அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

6

(இந்தப் பகுதி கதைக்கு வேண்டாம் என்று சாம்ராஜ் சொன்னான். சாம்ராஜ் யார் என்பது இதில்தான் வருகிறது, அதனால் எடுக்க முடியவில்லை.)

மைன்ஸ் மூடியபோது எனக்கு இருபத்தெட்டு வயது. ஊரில் பாதிப் பேர் மாதிரி நானும் காலை ரயிலில் பெங்களூர் போய் இருட்டினபின் திரும்புகிறவன் ஆனேன். ஒரு காண்ட்ராக்டரிடம் பதினைந்து வருஷம் கட்டட வேலை. ஒரு நாள் சைட் ஆபீஸில் ஒரு தாளை வைத்தார்கள். அங்கே கணக்கெழுதுகிறவன் படித்துக் காட்டினான். இந்த மாதம் எல்லா நாளும் வேலைக்கு வந்தேன் என்று இருந்தது. அதாவது, அவன் வாயில் அப்படி வந்தது. கட்டை விரலை வைத்தேன். மறுநாள் கேட்டில் உள்ளே விடவில்லை. நானாகவே வேலையை விட்டுப் போகிறேன் என்று தாளில் எழுதியிருந்ததாம்.

அவன் படிக்கும்போது வரிக்குக் கீழே ஒரு விரலை நகர்த்திக்கொண்டே படித்தான். அந்த விரல்தான் இன்றைக்கும் எனக்குள் நிற்கிறது. அவ்வளவு ஒழுங்காக நகர்ந்தது.

சாம்ராஜ் ரயிலில் எனக்கு எதிர் சீட்டு, என் வயதுதான். தினமும் தமிழ்ப் பேப்பரைச் சத்தமாகப் படிப்பான். வேறு வேலை தேடி அதே ரயிலில் போன அந்த வாரம் அவனிடம், "நீ படிக்கறதும் அதுல இருக்கறதும் ஒண்ணுதான்னு எப்படி நம்பறது?" என்றேன். "நம்பாத. நீயே படி," என்று பேப்பரை என் மடியில் போட்டான். உரிகம் ஸ்டேஷனில் ஒரு எழுத்து, பங்காரப்பேட்டை வருவதற்குள் அது மறந்துவிடும், திரும்பவும் அதே எழுத்து. ஒரு வருஷம் ஆயிற்று. என்னை ஏமாற்றக்கூடாது என்று கற்றேன். என் கையிலேயே ஒரு நாள் அந்தத் தாள் வரும் என்று யோசிக்கவில்லை.

7

இரண்டு தாள் எழுதினேன்.

முதல் தாளிலிருந்து கொஞ்சம்:

வேலம்மாள் ஆகிய நான், நாக்கைச் சுத்தம் செய்வதற்காக முந்தானையில் உப்பு வைத்திருப்பது வழக்கம். சம்பவ தினத்தன்று டாங்க்கின் மூடி பாதி திறந்திருந்தது. ஜக்கை ஊற்றுவதற்காக நான் குனிந்தபோது என் ஸ்வெட்டரின் பட்டன் முந்தானையில் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க முயன்றதில் முடிச்சு தளர்ந்தது. அப்போது அடுத்த ஜக் வந்துவிட்டபடியால் முடிச்சு தளர்ந்ததை நான் கவனிக்கவில்லை. மேலும் அன்றைய தினம் என் கணவரின் உடல்நிலை குறித்த கவலையில்

இப்படியே அடி வரை போகிறது. எழுதும்போது எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது. முக்கியமாக அந்தப் பட்டன். நானே கண்டுபிடித்தது. உண்மையில் அந்த ஸ்வெட்டருக்குப் பட்டனே கிடையாது, தலை வழியாக மாட்டுகிறது. அனிலுக்கு அது தெரியும், பெங்களூரில் இருக்கிற கம்பெனிக்குத் தெரியாது.

இரண்டாவது தாள் முழுவதும்:

நான் வேலம்மாள். பாலம் கட்டுகிறவர்கள் குடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து டாங்க்கில் இரண்டு பிடி உப்புப் போட்டேன். கலக்கினேன்.

மூன்று வரி. அதற்கு மேல் சேர்க்க ஒன்றும் வரவில்லை.

(படிக்கிறவர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். டம்ளரை வாங்கிக் குடித்த ஆள் இரண்டு தாளிலும் இல்லை.)

8

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் எல்லாவற்றையும் சாம்ராஜிடம் கொடுத்தேன். லோடு சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தான். நடுவில் ஒரு சீட்டைத் தப்புப் பக்கம் படித்துவிட்டு, "நூத்தி இருபது கேஸ் ஓசூர்னு இருக்குதே, இதுவும் கதையா?" என்றான்.

"பின்பக்கம் படி."

படித்து முடித்தான். "முடிவு எங்கடா?"

"அதான் தெரியல."

அவன் ஒரு முடிவு சொன்னான். கம்பெனி பெரியவர்கள் வருகிறார்கள், உப்புப் போட்டதைக் குடித்துப் பார்க்கிறார்கள், அசந்துபோய் உழைக்கிறவர்களுக்கென்று புதுப் பாட்டிலே கொண்டு வருகிறார்கள். லேபிளில் வேலம்மாள் படம்.

"அக்கா போட்டோவுக்குச் சிரிக்க மாட்டாங்க," என்றேன்.

இன்னொன்று சொன்னான். வேலை போகிறது. அவள் ரோட்டோரம் உப்புப் போட்ட இளநீர் விற்று, அதே அனில் வந்து வரிசையில் நிற்கிறான்.

"இந்தப் படத்துக்கு டிக்கெட் எவ்ளோ?" என்றேன். சாம்ராஜ் என் டீயையும் எடுத்துக் குடித்துவிட்டான்.

நான் யோசித்து வைத்திருந்ததைக் கடைசியில் சொன்னேன். "உப்பை நான் போட்டேன்னு எழுதி, என் கையெழுத்தைப் போட்டுடலாம்னு பாக்கறேன்."

சாம்ராஜ் சீட்டுகளை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு என் முன்னால் தள்ளினான். "நீ பெரிய மனுசன் ஆவணும்னா அதுக்குத் தனியா ஒரு கதை எழுதிக்க. இது அந்தம்மா உப்பு."

அந்த முடிவையும் அடித்துவிட்டேன்.

9

திங்கட்கிழமை. ஏழரை மணி. காய் துளைக்கிற டிரில் இன்னும் ஓடவில்லை. அனில் மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, பக்கத்தில் மைப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தான். வேலம்மாள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்தாள். முந்தானை முடிச்சைப் பார்த்தேன். சாத்துக்குடி அளவு. வாரம் முழுக்கத் தேவையானதைக் கொண்டுவந்திருந்தாள்.

"எழுதிட்டியா?"

"ரெண்டு எழுதினேன்க்கா."

அனில் என்னை முறைத்தான். "எதுக்கு அங்கிள் ரெண்டு?"

முதல் தாளை மேஜையில் வைத்தேன். படித்துக் காட்டுவதற்காக விரலை முதல் வரிக்குக் கீழே வைத்தேன். அந்த விரலைப் பார்த்தேன். விரலை எடுத்துவிட்டு, தாள் இரண்டையும் வேலம்மாளின் கையிலேயே கொடுத்தேன்.

கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டாள், காயை எடை பார்க்கிற மாதிரி. ஒன்றில் அடி வரை எழுத்து. இன்னொன்றில் மேலே மூன்று வரி, கீழே எல்லாம் வெள்ளை.

"ஒரே விசயத்துக்கு ஒண்ணு இம்மாம் நீளம், ஒண்ணு இத்தினூண்டா?"

"ஆமாக்கா."

"இந்த நீளமா இருக்கறது பொய்யி," என்றாள்.

அனில் இருமினான். நான் கேட்டேன், "படிக்காம எப்படிக்கா சொல்றீங்க?"

"எங்க ஊட்டுக்காரரு சினிமா பாத்துட்டு வந்து சொன்னதும் நீளமாத்தான் இருந்துச்சு."

"ஆண்ட்டி," என்றான் அனில். குரல் தழைந்திருந்தது. "நீளமா இருக்கறதுல வெச்சீங்கன்னா நாளைக்கும் இங்க நிப்பீங்க. நீங்களாவது சொல்லுங்க அங்கிள்."

நான் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் அது படித்துக் காட்டுகிற மாதிரிதான் ஆகும்.

வேலம்மாள் தாள்களை மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தாள். "முனிரத்னம், அன்னிக்கி நீ ஒரு டம்ளர் குடிச்சியே. நல்லா இருக்குதுன்னியே. அது இதில எதில இருக்குது?"

"ரெண்டுலயும் இல்லக்கா."

"எழுதவே இல்லையா?"

"வேற இடத்துல எழுதிகினு இருக்கேன்."

"எங்க, காட்டு."

பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட சீட்டுக் கட்டை எடுத்தேன். ஒரு விரல் தடிமன் இருக்கும். அவள் அதைத் தொடவில்லை. மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தாள்.

"ஐயே," என்றாள்.

பிறகு கட்டை விரலை மையில் அழுத்தினாள். சுத்தமாக, நகம் வரைக்கும். விரலைத் தூக்கி, சூசைராஜ் அண்ணன் மாத்திரை சாப்பிட்டிருப்பாரா என்று யோசிக்கிற மாதிரி ஒரு நிமிஷம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அல்லது வேறு எதையோ யோசித்தாள், எனக்குத் தெரியாது. விரலை ஒரு தாளில் வைத்து, அசையாமல் பிடித்து, எடுத்தாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அனில் லேப்டாப் பக்கம் திரும்பினான். நான் போய் டிரில்லைப் போட்டேன்.

எந்தத் தாள் என்று கேட்பீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், பார்த்தேன். ஆனால் அதையும் எழுதினால் இது இன்னும் ஒரு வரி நீளமாகிவிடும். அக்கா நம்ப மாட்டாள்.